பன்னிரண்டு இருக்கைகள்

சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களின் தொழில், வணிகச் சங்கப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்



ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் விமான நிலையம் திறந்தது 1993-ல். அப்போது வந்த விமானச் சேவை, ஏற ஆள் இல்லை என்று வெகு சீக்கிரத்தில் நின்றுபோனது. அதன் பிறகு பதினைந்து ஆண்டுகள் ஓடுபாதை வெயிலில் காய்ந்தது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது; ஏறத்தாழ இரண்டு ஆண்டில் அதுவும் போயிற்று. 2018 மார்ச் 25-ல், சிறிய ஊர்களை விமானத்தில் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின்கீழ் ட்ரூஜெட் வந்தது. கொரோனாவுக்குப் பிறகு, 2021-ல், அந்தச் சேவையும் முடிந்தது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. பெங்களூரு, கொச்சி, ஹைதராபாத், சென்னை என்று நான்கு ஊர்கள் அட்டவணையில் ஏறின. முப்பது ஆண்டில் நான்கு தொடக்கங்கள். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் விழா நடந்தது. ஒவ்வொரு முடிவுக்கும் பிறகு, மீண்டும் விமானம் வேண்டும் என்ற கோரிக்கை மனு இந்த வட்டாரத்திலிருந்து போனது. இந்த மடல் அந்த மனுவைப் பற்றியது. விமானம் கேட்டு எழுதியது போதும். இருக்கைக்குப் பொறுப்பேற்றுக்கொண்டு எழுத வேண்டிய நேரம் இது என்று நான் நம்புகிறேன். ஏன் என்பதை விளக்க உங்கள் நேரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன்.

உடான் திட்டம் என்ன தருகிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் அது எப்போது முடிகிறது என்பதை யாரும் மேடையில் பேசுவதில்லை. ஏலத்தில் ஒரு வழித்தடத்தை எடுக்கும் நிறுவனம், விமானத்தின் பாதி அளவு இருக்கைகளை வரம்பிட்ட கட்டணத்துக்கு விற்கிறது. அதனால் விழும் வருவாய்க் குறையை அரசு ஈடுகட்டுகிறது. ஐந்தில் நான்கு பங்கு மத்தியத் திட்டத்தின் நிதி, ஒரு பங்கு மாநிலத்தின் நிதி. இறங்கு கட்டணம் இல்லை, நிறுத்தக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் விமான எரிபொருளுக்கு வழக்கமான மதிப்புக் கூட்டு வரி 29 சதவீதம். உடான் நிலையங்களில் அதை ஒரு சதவீதத்துக்கு இறக்க வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. மேலும், அந்த வழித்தடத்தில் வேறு யாரும் போட்டிக்கு வர முடியாது. இத்தனையும் சேர்ந்தால் சிறிய ஊருக்கும் விமானம் நிலைத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஈட்டுத் தொகைக்கும் தனியுரிமைக்கும் ஆயுள் மூன்றே ஆண்டு. அதற்குள் வழித்தடம் தன் காலில் நிற்கப் பழகிவிட வேண்டும்.

எத்தனை வழித்தடங்கள் அப்படிப் பழகின? இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2023 அறிக்கை அதை எண்ணிச் சொல்லியிருக்கிறது. திட்டத்தின் முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய வழித்தடங்கள் 774. அவற்றில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் மூன்றாண்டுக் காலத்தை முழுதாக ஓடி முடித்தவை 112. சலுகைக் காலம் முடிந்த பிறகும் 2023 மார்ச்சில் பறந்துகொண்டிருந்தவை 54. நூறு வழித்தடம் அறிவித்தால் ஏழு பிழைக்கிறது. இதை வைத்து அரசைத் திட்டுவதோ விமான நிறுவனங்களைத் திட்டுவதோ எளிது. நான் இந்த எண்களை வேறு மாதிரிப் படிக்கிறேன். ஓடுபாதை, முனையம், தீயணைப்பு வண்டி, காவல், வரிச் சலுகை, ரொக்கம் என்று அரசால் தரக்கூடியவை எல்லாம் ஒரு வழித்தடத்துக்குக் கிடைத்த பிறகும் அது சாகிறது என்றால், அரசால் தர முடியாத ஒன்று அங்கே குறைந்திருக்கிறது. அந்த ஒன்று, செவ்வாய்க்கிழமை விமானத்திலும் ஏறி உட்காரும் பயணி.

விமானத்தின் கணக்கை நாமக்கல் லாரி உரிமையாளருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டீசல் எரியும், டிரைவர் படி உண்டு, சுங்கம் உண்டு, மாதத் தவணை காத்திருக்காது. ரிட்டன் லோடு கிடைத்தால்தான் நடை லாபம். இங்கே வரும் ஏடிஆர் என்ற சிறிய விமானமும் அப்படியே. குத்தகைப் பணம், விமானிகளின் சம்பளம், பராமரிப்பு, எரிபொருள் எல்லாம் விமானம் மேலே எழும்பும் முன்பே ஏறத்தாழ முடிவாகிவிட்ட செலவுகள். எழுபதாவது பயணி ஏறுவதால் செலவு கூடுவது சொற்பம். அவர் தரும் கட்டணம் ஏறத்தாழ முழுவதும் வரவு. அதனால்தான் ஒரு வழித்தடத்தின் வாழ்வும் சாவும் கடைசிச் சில இருக்கைகளில் இருக்கிறது. இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கைகள். அதில் 55 சதவீதம் நிரம்பினால் 43 பேர். 70 சதவீதம் நிரம்பினால் 55 பேர். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பன்னிரண்டு பேர். முதல் எண்ணில் ஓடும் விமானத்தை எந்த நிறுவனமும் ஈட்டுத் தொகை நின்ற மறுநாள் வேறு ஊருக்கு அனுப்பிவிடும்; இரண்டாவது எண்ணில் ஓடினால் யோசிக்கும். 70 என்ற எண்ணை எடுத்துக்காட்டாகத்தான் எடுத்திருக்கிறேன். எரிபொருள் விலை, கட்டணம், தூரம் மாறினால் எண்ணும் மாறும். நமக்கான எண்ணை நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசித்தான் எடுக்க வேண்டும். ஆனால் பேச வேண்டிய பொருளின் அளவு இவ்வளவுதான் என்பதைக் காட்ட அந்தப் பன்னிரண்டு போதும். மூன்று மாவட்டங்களின் தொழில்துறைக்கு ஒரு நடைக்குப் பன்னிரண்டு பேரை ஏற்றுவது மலையைப் புரட்டும் வேலையா?

இப்படி ஓர் ஊர் யோசித்திருக்கிறது. ஜப்பானின் இஷிகாவா மாகாணத்தில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நோட்டோ தீபகற்பம் மக்கள்தொகை குறைந்துகொண்டே வரும் பகுதி. இளைஞர்கள் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே 2003 ஜூலை 7-ல் விமான நிலையம் திறந்தபோது, டோக்கியோவின் ஹனேடாவுக்கு நாளைக்கு இரண்டு நடை விடும்படி ஏஎன்ஏ விமான நிறுவனத்தைக் கேட்டார்கள். நிறுவனம் தயங்கியது. உள்ளூர் அரசுகள் ஓர் ஒப்பந்தத்தை முன்வைத்தன: ஆண்டுச் சராசரியில் இருக்கைகள் 70 சதவீதம் நிரம்பாவிட்டால் குறைவுக்கு நாங்கள் பணம் தருகிறோம், அதற்கு மேல் நிரம்பினால் கூடுதல் வருவாயில் ஒரு பங்கை நீங்கள் எங்களுக்குத் தாருங்கள். முதல் ஆண்டு 79.5 சதவீதம் நிரம்பியது. பணம் தர வேண்டியது விமான நிறுவனமாயிற்று, சுமார் 9.7 கோடி யென் ஊருக்கு வந்தது. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. இருக்கை காலியாகப் போனால் நம் பை கரையும் என்று தெரிந்ததும், விமானத்தை நிரப்புவது ஊராரின் வேலையாகிவிட்டது. கட்டணத்தில் ஒரு பகுதியை உள்ளாட்சிகள் ஏற்றன. நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரை கொண்டுவிடும் பகிர்வு டாக்ஸி ஓடியது. முனையக் கட்டடம் நாளெல்லாம் பூட்டிக் கிடக்கக் கூடாது என்று மாகாண அரசின் அலுவலகத்தை அதற்குள்ளேயே வைத்தார்கள். உற்சாகம் தணிந்த அடுத்தடுத்த ஆண்டுகளில் இலக்கை அறுபதுகளுக்கு இறக்கினார்கள், ஒப்பந்தத்தைக் கைவிடவில்லை. 2024 ஜனவரி 1-ல் பெரும் நிலநடுக்கம் வந்து ஓடுபாதை பிளந்தபோது, அந்த மாதம் முடிவதற்குள் பயணிகள் விமானம் மறுபடியும் அங்கே இறங்கியது. சாலைகள் துண்டுபட்டுக் கிடந்த தீபகற்பத்துக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஊர் முன்பணம் கட்டி விமானத்தை வரவழைப்பது வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் புளோரிடாவின் பென்சகோலா ஊரின் வணிகர்கள் 2001 வாக்கில் இருபது லட்சம் டாலர் அளவுக்குப் பயணச் செலவை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு ஏர்ட்ரான் நிறுவனத்தை அழைத்தார்கள். ஆனால் நோட்டோவின் ஏற்பாடுதான் நமக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். அதில் இரு பக்கமும் பொறுப்பு இருக்கிறது, இரு பக்கமும் ஆதாயம் இருக்கிறது. விமான நிறுவனத்துக்குப் பயம் குறைகிறது. ஊருக்குப் பேச ஓர் உரிமை கிடைக்கிறது.

இதைச் சேலத்துக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு ஒரு நடை போய் வந்தால், பன்னிரண்டு இருக்கை வீதம் ஆண்டுக்கு 8,760 டிக்கெட். இருநூறு நிறுவனங்கள் சேர்ந்தால் ஒன்றுக்கு ஆண்டில் 44. அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு பேர் போய் வருவது. ஒரு மருத்துவமனை, ஒரு பொறியியல் கல்லூரி, ஒரு நூற்பாலை, ஒரு வெள்ளி மொத்த வியாபாரி இதைவிட அதிகம் பயணம் செய்கிறார்கள். உறுதி தந்தும் அந்தப் பன்னிரண்டு இருக்கைகள் ஆண்டு முழுக்கக் காலியாகவே போயின என்று ஆக மோசமாக வைத்துக்கொண்டாலும், டிக்கெட் 3,000 ரூபாய் என்றால் இழப்பு 2 கோடியே 63 லட்சம். நிறுவனத்துக்கு 1 லட்சத்து 31 ஆயிரம். சிறு தொகை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது நேர்வதற்கு, பணம் கட்டிய இருநூறு பேரில் ஒருவர்கூட விமானம் ஏறாமல் இருக்க வேண்டும். கட்டிய பணத்தைப் பயணத் தொகையாகக் கழித்துக்கொள்ளலாம் என்று வைத்தால், பணம் கட்டியவரே முதலில் ஏறுவார்.

போட்டி வியாபாரிகள் ஒரே பையில் பணம் போடுவார்களா என்று கேட்பீர்கள். இந்த வட்டாரத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் தனித்தனியாக வியாபாரிகளிடம் சிக்கி, சொன்ன விலைக்குச் சரக்கை விட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சரக்கைப் பொதுக் கிடங்கில் வைத்தார்கள், அதன்பேரில் கடன் வாங்கினார்கள், ஒப்பந்தப் புள்ளியில் விற்றார்கள். ஆலைக்கு ஆலை போட்டி இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் விலைக்கு ஒரு தளம் வேண்டும் என்பதில் அவர்களுக்குள் போட்டி இல்லை. தனியாக நின்றால் பேரம் பேச முடியாதவர்கள் கிடங்கை ஒன்றாக்கிப் பேரம் பேசினார்கள். விமான இருக்கை விஷயத்தில் நீங்கள் இப்போது நிற்பது 1980-ல் ஜவ்வரிசி ஆலைக்காரர் நின்ற இடத்தில். ஒருவர் பயணத்தை நம்பி எந்த நிறுவனமும் விமானத்தை விடாது. எல்லோருடைய பயணத்தையும் ஒரே கணக்கில் வைத்துக் காட்டினால் விடும். ஏலச்சீட்டை நாணயமாக நடத்தத் தெரிந்த ஊர்களுக்கு, பதிவு செய்த ஓர் அறக்கட்டளையில் பணத்தைப் போட்டு, மாவட்ட ஆட்சியரைப் பொறுப்பில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை கணக்குத் தீர்ப்பது பெரிய காரியமல்ல.

இனி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் வலுவானது வந்தே பாரத். 2023 ஏப்ரலிலிருந்து சென்னைக்கும் கோவைக்கும் இடையே ஓடும் அந்த ரயில் சேலத்தில் நிற்கிறது; ஏறி உட்கார்ந்தால் நான்கு மணி நேரத்துக்குள் சென்னை சென்ட்ரல். விமானமோ, நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் காமலாபுரம் போய், ஒரு மணி நேரம் முன்பே நுழைந்து, ஒரு மணி நேரம் பறந்து, மீனம்பாக்கம் நிலையத்திலிருந்து நகருக்குள் நெரிசலில் ஊர்ந்தால் அதே நேரத்தைத்தான் விழுங்குகிறது. இதை நான் மறுக்கமாட்டேன். சென்னை நகரத்துக்கு வேலையாகப் போகிறவர் ரயிலில் போவதுதான் சரி. அதனால்தான் சேலம் விமானச் சேவையை வெறும் சென்னைச் சேவையாக நினைக்கும் பழக்கத்தை விட வேண்டும் என்கிறேன். முதல் மூன்று முயற்சிகளிலும் சென்னையையே பெரிதாக நம்பியதை நினைத்துப் பாருங்கள். சேலத்து ஜவ்வரிசி விரத நாட்களில் மகாராஷ்டிரத்து வீடுகளில் வேகிறது. செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசு வட இந்தியக் கடைகளில் தொங்குகிறது. இளம்பிள்ளைச் சேலைக்கு நூலும் சந்தையும் மாநிலத்துக்கு வெளியிலும் உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. இந்த வணிகத்தின் திசை மும்பை, சூரத், கொல்கத்தா, டெல்லி, ராய்ப்பூர். அங்கெல்லாம் போக நம் ஆட்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? 165 கிலோமீட்டர் கோவைக்கு டாக்ஸி பிடிக்கிறார்கள். அல்லது 200 கிலோமீட்டர் பெங்களூருக்குப் போய், ஊரை ஊடறுத்து, வடக்கே தேவனஹள்ளி விமான நிலையம் வரை நெரிசலில் கிடக்கிறார்கள். காலை ஆறு மணி விமானத்துக்கு முந்தின நாள் இரவு பத்து மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். காமலாபுரத்தின் உண்மையான போட்டியாளர் அந்த இரவு டாக்ஸிதான். சேலத்திலிருந்து ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் பறந்து, அங்கே நிலையத்தை விட்டு வெளியே வராமலே அடுத்த விமானத்தில் ஏற முடிந்தால், அந்தப் பயணி ரயிலிடமிருந்து பறித்த பயணி அல்ல. தூக்கத்தை இழந்துகொண்டிருந்த பயணி.

அடுத்து, ஓடுபாதை. 1,806 மீட்டர் போதாது, முதலில் அதை நீட்டி ஏர்பஸ்ஸைக் கொண்டுவாருங்கள், பிறகு எல்லாம் தானே வரும் என்ற வாதம் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. இதில் எனக்கு அழுத்தமான மாறுபாடு உண்டு. ஏடிஆருக்கு இந்த ஓடுபாதை தாராளம். 78 இருக்கையை நிரப்பத் திணறும் ஊருக்கு 180 இருக்கை விமானம் வந்தால் காலி இருக்கைகள்தான் கூடும். தூத்துக்குடியைப் பாருங்கள். வாகைக்குளத்து ஓடுபாதை வெறும் 1,350 மீட்டராக இருந்த காலம் முழுவதும் அங்கே சிறிய விமானங்கள்தான் இறங்கின. சென்னைக்கு நாளைக்குப் பல நடை ஓடின. துறைமுகமும் தொழிற்சாலைகளும் அந்த இருக்கைகளை நிரப்பின. சென்னைக்கு ரயிலில் ஓர் இரவு முழுக்கப் போக வேண்டிய தூரம் என்பதும் உதவியது. அந்த வசதி சேலத்துக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிரம்பிக் காட்டிய பிறகே 3,115 மீட்டர் ஓடுபாதையும், 2025 ஜூலையில் திறந்த புதிய முனையமும் வந்தன. வரிசை அதுதான்: முதலில் ஆள், பிறகு தார். காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஊர்களில் விரிவாக்கத்துக்காகக் கேட்கும் ஏறத்தாழ 570 ஏக்கரில் விளைநிலம் இருக்கிறது, வீடுகள் இருக்கின்றன, பல ஆண்டுகளாக மறுத்து நிற்கும் குடும்பங்கள் இருக்கின்றன. இருக்கும் ஓடுபாதையையே நிரப்பாத ஊர், நிலத்தைக் கொடு என்று அந்த விவசாயியிடம் எந்த முகத்தோடு கேட்கும்? ஏடிஆர் நிரம்பி, இரண்டாவது நடை கேட்டு, அதுவும் நிரம்பினால் அப்போது பேச்சுக்கு ஓர் அடிப்படை இருக்கும். அன்றைக்கும் உரிய விலையும் அவர்கள் சம்மதமும் வேண்டும்.

விமானம் விடுவது அரசின் கடமை, நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. அரசு நிரந்தரமாகப் பணம் தரும் நாடுகள் உண்டு. அமெரிக்காவில் 1978-ல் விமானத் துறைக் கட்டுப்பாடுகளை நீக்கியபோது, சிறு ஊர்கள் கைவிடப்படக் கூடாது என்று பத்தாண்டுக் காலத்துக்கு ஒரு மானியத் திட்டம் போட்டார்கள். அது இன்றுவரை ஓடுகிறது. சில நடைகளில் ஏறும் பயணிகளை விரல்விட்டு எண்ணலாம் என்ற விமர்சனமும் கூடவே ஓடுகிறது. சாலையே இல்லாத அலாஸ்கா கிராமத்துக்கு அப்படிப்பட்ட மானியம் நியாயம். இந்தியாவில் வடகிழக்குக்கும் லட்சத்தீவுக்கும் நியாயம். நான்குவழிச் சாலையும் வந்தே பாரத்தும் உள்ள சேலத்துக்கு அதே நியாயத்தை நாம் கேட்டால் எடுபடாது. கேட்கவும் கூடாது என்பது என் எண்ணம். உடான் நிதிக்கான பணம் பெரிய வழித்தடங்களின் விமானங்கள்மீது போடும் தீர்வையிலிருந்து வருகிறது. மாநிலத்தின் பங்கு பேருந்தில் மட்டுமே போகிறவர் கட்டும் வரியிலிருந்தும் வருகிறது. மூன்றாண்டு தொடக்க உதவி என்றால் அவருக்கும் விளக்கம் சொல்லலாம். அதற்கு மேல், விமானத்தால் நேரடியாக ஆதாயம் அடைகிறவர்கள் பொறுப்பேற்பதுதான் முறை. அரசிடம் கேட்கத் தக்கவை வேறு இருக்கின்றன. எரிபொருள் வரிச் சலுகை திட்டப்படி பத்தாண்டுக்கு உரியது. ஈட்டுத் தொகை நின்ற பிறகும் அது சேலத்துக்குத் தொடர்வதை மாநில அரசிடம் எழுத்தில் வாங்க வேண்டும். விமான நேரத்தை ஒட்டிப் புதிய பேருந்து நிலையத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஒரு சிற்றுந்து வேண்டும். அரசு ஊழியர்களின் அலுவல் பயணங்களில் ஒரு பங்கை இந்த வழித்தடத்துக்கு ஒதுக்கக் கேட்கலாம். இவை எல்லாம் சேர்ந்தாலும் ஒரு பாலம் கட்டும் செலவு ஆகாது.

உறுதி கொடுத்துவிட்டால் நிறுவனம் சோம்பிவிடும் என்ற அச்சத்தில் பொருள் இருக்கிறது. மூடுபனிக்கு ரத்து, தொழில்நுட்பக் கோளாறுக்கு ரத்து என்று மாதத்தில் நான்கு நாள் வராத விமானத்தை இரண்டு முறை நம்பி ஏமாந்தவர் மூன்றாம் முறை டாக்ஸிக்குத்தான் போன் போடுவார். அதனால் ஒப்பந்தத்தில் நம் பக்கமும் நிபந்தனை வேண்டும். நிறுவனம் தானாக ரத்து செய்த நடைகள் கணக்கில் வராது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் தாமதமானால் உறுதித் தொகை குறையும். அதைவிட முக்கியம் நேரம். நண்பகலில் வந்து நண்பகலில் போகும் விமானம் தொழில்காரருக்கு உதவாது. ஹைதராபாத்தில் அவருடைய பாதி நாள் போய்விடும், ஓர் இரவு விடுதிச் செலவும் சேரும். காலையில் கிளம்பி மாலையில் திரும்பினால் மட்டுமே பன்னிரண்டு இருக்கை என்ற உறுதிக்கு உயிர் இருக்கும். அதற்கு விமானம் இரவு சேலத்தில் தங்க வேண்டும், அல்லது முதல் நடையாகவே பெரிய ஊரிலிருந்து இங்கே வந்து திரும்ப வேண்டும். தங்கள் விமானத்தின் நாள் முழுவதற்குமான சுற்றையே மாற்றியமைக்கும் இந்தக் காரியத்தை எந்த நிறுவனமும் மனுவுக்காகச் செய்யாது. கையில் உறுதிப் பத்திரம் உள்ளவரிடம் உட்கார்ந்து பேசும்.

ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. அது வந்தால் காமலாபுரம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அது எழும்ப ஆண்டுகள் பல ஆகும். எழும்பினாலும் நாமக்கல்லிலிருந்து ஓசூர் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். இந்தக் கேள்விக்கு இதற்கு மேல் நேரம் செலவிட வேண்டாம். அவசரமான போட்டி வேறிடத்தில் இருக்கிறது. 2025 மத்திய பட்ஜெட், அடுத்த பத்தாண்டில் 120 புதிய ஊர்களை விமானத்தில் இணைக்கும் மாற்றியமைத்த உடானை அறிவித்தது. நாட்டில் சிறிய விமானங்களின் எண்ணிக்கை அந்த வேகத்தில் பெருகப்போவதில்லை. ஒரே ஏடிஆரை இழுக்க நாளை பல ஊர்கள் கைநீட்டும். ஒவ்வொன்றும் புதிய மூன்றாண்டு ஈட்டுத் தொகையோடு வரும். 2023-ல் தொடங்கிய நம் மூன்றாண்டுக் கணக்கு 2026 அக்டோபரோடு முடிகிறது. மானியம் முடிந்த ஊரிலிருந்து மானியம் தொடங்கும் ஊருக்கு விமானம் நகர்வது அந்த நிறுவனத்துக்கு இயல்பான முடிவு. அதில் துரோகம் ஒன்றும் இல்லை. அது நகராமல் இருக்க ஒரு காரணத்தை நாம் கொடுக்க வேண்டும்.

ஆகவே உங்கள் சங்கங்களின் அடுத்த பொதுக்குழுவில் புதிய மனு எதையும் நிறைவேற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒற்றைத் தாள் ஒன்று கொடுங்கள். கடந்த பன்னிரண்டு மாதத்தில் உங்கள் நிறுவனத்திலிருந்து எத்தனை பேர் விமானத்தில் போனார்கள், எந்த ஊருக்கு, எந்த நிலையத்தில் ஏறினார்கள், போன இடத்தில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டியிருந்தது. கீழே, காலை மாலை நடை கிடைத்தால் ஆண்டுக்கு எத்தனை டிக்கெட்டுக்குப் பொறுப்பேற்பீர்கள் என்று ஒரு கட்டம், ஒரு கையொப்பம். மூன்று மாவட்டத் தாள்களையும் கூட்டினால் விமான நிறுவனத்தின் வழித்தடப் பிரிவு இதுவரை சேலத்திலிருந்து பார்த்திராத ஒரு கணக்கு வரும். பன்னிரண்டு இருக்கை தேறவில்லை என்று அந்தக் கணக்கு சொன்னால், அதையும் ஏற்றுக்கொண்டு ரயிலுக்கு இன்னொரு நடை கேட்கலாம். அதிலும் எனக்கு வருத்தமில்லை. விவரங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. கோவைக்கும் பெங்களூருக்கும் போன டாக்ஸிகளின் பில்கள் உங்கள் கணக்குப்பிள்ளையின் கோப்பில் தேதிவாரியாக இருக்கின்றன. அவற்றை இந்த வாரமே எடுத்து எண்ணத் தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்தின் நலம் விரும்பும் ஒருவர்